ஒரு சாண் காற்று

கூரை மாற்றுவதற்கு மே மாதத்தைவிட நல்ல மாதம் கிடையாது. ஏப்ரலில் செய்தால் சோம்பலாகச் செய்வீர்கள், மழைக்குத்தான் நாள் இருக்கிறதே என்று. ஜூனில் செய்தால் நடுங்கிக்கொண்டு செய்வீர்கள். மே மாதத்தில்தான் மனிதனுக்கு வெயிலும் பயமும் சரியான அளவில் கிடைக்கின்றன. தாராவியில் மே பிறந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் உச்சியில் குந்தியிருப்பான். கீழே நின்று பார்த்தால் ஊர்க் காக்கைகளுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

என் பெயர் சுயம்பு. வயது அறுபத்தெட்டு. குவைத்தில் இருபத்தாறு வருடம் கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலைவனத்தில் கேம்ப் கேம்பாகப் போய்ப் பத்ரா அடித்திருக்கிறேன். பத்ரா என்றால் தகர ஷீட். பம்பாயில் யாரும் தகரம் என்று சொல்வதில்லை. நான் அடித்த பத்ராவையெல்லாம் வரிசையாக வைத்தால் தாதரில் இருந்து தூத்துக்குடி வரைக்கும் தலை நனையாமல் நடந்து போகலாம். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். மதுரை வரைக்கும் நிச்சயம் போகலாம்.

அங்கே எங்களுக்கு ஃபோர்மேனாக நஜிமுதீன் என்று ஒரு காயல்பட்டினத்துக்காரர் இருந்தார். அவருக்குத் தெரிந்த வசவுகளை எழுதினால் இந்த நோட்டு போதாது. ஆனால் தொழிலில் இரண்டே வார்த்தைதான் சொல்வார். ஒன்று, "கூரைக்கும் மனுசனுக்கும் நடுவுல ஒரு சாண் காத்து ஓடணும்வே. இல்லன்னா அது கூரை இல்ல, தோசைக்கல்லு." இன்னொன்று, "ஒழுகுற எடம் ஒண்ணு, ஓட்டை இருக்குற எடம் ஒண்ணு. சொட்டு விழுற எடத்துல போய்ப் பூசிட்டு நிக்காதீக." இரண்டையும் நான் மறந்ததே இல்லை. முதலாவதை நன்றாகவே பயன்படுத்தினேன்.

பாலைவனத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அங்கே எதுவும் நாறாது. செத்த ஒட்டகம்கூட நாலே நாளில் தோல்பெட்டி மாதிரி ஆகிவிடும், உள்ளே துணி வைத்துக்கொள்ளலாம். வேர்வை தோலுக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். இருபத்தாறு வருடம் அப்படி இருந்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பியவனுக்கு முதல் தண்டனை ஈரம். சுவர் ஈரம், துணி ஈரம், பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுத்தால் அதுவும் ஈரம். கை கொடுத்துவிட்டு வேட்டியில் துடைப்பேன். அவர்கள் சிரிப்பார்கள், குவைத்துக்காரருக்குக் கொழுப்பு என்று.

வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. கீழே நான். மாடத்தி, என் மனைவி, நான் திரும்பிய மறு வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. தரைக்கு வெள்ளை டைல்ஸ் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை துடைத்து, நான் பாட்டுக்கு இருந்தேன். மேலே போக இரும்பு ஏணி. ஏணி முடியும் இடத்தில் பலகைக் கதவு. அந்தக் கதவைத் தூக்கினால் என் தம்பி இசக்கிப்பாண்டியின் அறை.

இசக்கிப்பாண்டி சைக்கிளில் இட்லி விற்றவன், மனைவியை இழந்தவன். நான் குவைத்தில் இருந்த காலம் முழுக்க வீட்டைக் காத்தது அவன்தான். மே மாதம் வந்தால் மேலே ஏறி நீலத் தார்ப்பாயை விரித்து, அது பறக்காமல் இருக்கப் பழைய டயர்களைத் தூக்கி வைப்பான். பதினான்கு டயர். வைத்துவிட்டு ஃபோன் செய்வான், "அண்ணே, வீடு பத்திரம்." கூரைமேல் டயர் வைப்பது பம்பாய்க்காரர்களின் கண்டுபிடிப்பு. நிஜக் காற்று வந்தால் பத்ராவோடு சேர்ந்து டயரும் பறக்கும், அவ்வளவுதான் அதனால் உண்டான முன்னேற்றம். ஆனாலும் வீடு பத்திரமாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட டிசம்பரில் அவனுக்கு வாதம் வந்தது. இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம் எல்லாம் போயிற்று. வலது பக்கம் நன்றாகவே இருந்தது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தைக்குமேல் ஓடாது. அவன் மகள் மாரீஸ்வரியை அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து வருவாள். குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள், பதினோரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். மற்ற ஆறு நாளும் நான். எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் காலையில் இட்லி கொடுத்துவிடுவாள். ஊட்டுவது, துடைப்பது, சட்டி எடுப்பது எல்லாம் நான்தான். நான் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். சட்டியைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அவன் புகையிலைதான். வலது கையால் கிள்ளி வாயில் அதக்கிக்கொள்வான். பக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா, அதில் துப்புவான். வாய் கோணிப்போனவன் எங்கே குறி பார்த்துத் துப்புவது? பாதி டப்பாவில், பாதி சுவரில், மீதி தாடையில். அந்தப் பழுப்பு நிறத்தை நான் மேலே ஏறும்போதெல்லாம் பார்க்க வேண்டும். அது பாதி காய்ந்து, நடுவில் மட்டும் ஈரமாக, என்னைப் பார்க்கும்.

ஜனவரியில் ஒரு மதியம். டைல்ஸ் தரையில் சம்மணம் போட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தயிரின் நடுவில், பழுப்பாக, அம்மன் நெற்றிப்பொட்டு அளவுக்கு. நான் அண்ணாந்து பார்த்தேன். அடுத்தது என் கன்னத்தில் விழுந்தது.

அந்தத் தட்டை நான் கழுவவில்லை. குப்பையில் போட்டேன். கன்னத்தைப் பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்தேன். பிறகு மேலே ஏறினேன்.

"ஏல, தரையில துப்புதியா?"

"இல்...லண்ணே."

"பின்ன என் தட்டுல விழுந்தது என்ன, துன்னூறா?"

அவன் வலது கையைத் தூக்கி ஆட்டினான். "நா... இல்லண்ணே." சொல்லும்போதே தாடையில் பழுப்பு ஒழுகியது. கட்டிலை ஒட்டிய சுவர் அடியில், பலகைத் தரையில், கையகலத்துக்கு அதே பழுப்பு ஈரம். நான் வேறென்ன சாட்சி தேட வேண்டும்? முகர்ந்து பார்த்தாயா என்று நீங்கள் கேட்கலாம். யார் முகர்வார்கள்?

அன்றிலிருந்து தினமும் சொட்டியது. காலை பத்து மணிக்குத் தொடங்கும், மாலை ஆறுக்கு ஓயும். ஒரு நாளைக்கு ஏழாயிரம் சொட்டு என்று எல்லோரிடமும் சொன்னேன். எழுபது இருக்கும். பாய் போட்ட இடத்தை மாற்றினேன், சொட்டும் இடம் மாறியது. வாளி வைத்தேன். அந்த வாளியைக் காலி செய்ய வேண்டுமே, அதற்கு எவனை வைப்பது? சாப்பாட்டைக் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்ட ஒரே மனிதன் இந்தத் தாராவியில் நான்தான். முப்பிடாதியம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஊர்வலமா? மேளம் எப்ப வரும்?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது உதட்டில் ஒன்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை மட்டும் சொட்டாது. இசக்கியம்மன் பெயர் வைத்த பயல் அல்லவா, மீசை முளைத்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை புகையிலை தொட மாட்டான். வாதம் வந்த பிறகும் அந்த விரதத்தை விடவில்லை. ஆக, வெள்ளிக்கிழமை புகையிலையும் இல்லை, வெள்ளிக்கிழமை சொட்டும் இல்லை. கோர்ட்டில்கூட இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அம்மனுக்காக வாயை அடக்கத் தெரிந்தவனுக்கு அண்ணனுக்காக அடக்கத் தெரியவில்லையே என்பதுதான் எனக்கு.

மாரீஸ்வரியிடம் சொன்னேன். அவள் சோப்புத்தூள் போட்டு அந்தப் பலகையைத் தேய்த்தாள். தேய்த்துவிட்டுக் கீழே வந்து, "பெரியப்பா, தீவாளி வரைக்கும் பொறுத்துக்கோங்க. மழை முடியட்டும், இவுக கம்பெனி குவாட்டர்ஸ் கெடச்சிரும், நான் அப்பாவ கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. மூக்கையும் புறங்கையால் துடைத்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி. இன்னும் எட்டு மாதம்.

கூரையை மாற்றச் சொன்னதும் அவள்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானாக ஆரம்பிக்கவில்லை. "அப்பா தலைக்கு மேல சிமெண்டு ஷீட்டு வெடிச்சுக் கெடக்கு பெரியப்பா. இப்பல்லாம் மே மாசத்துலயே பேய்க்காத்து அடிக்கி. நீங்க பார்க்காத கூரையா, மழைக்கு முன்ன மாத்திக் குடுங்க." நான் மேலே ஏறிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பழைய சிமென்ட் ஷீட், விரிசல், நைந்த தார்ப்பாய், பதினான்கு டயர். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. அதன் வழியாகக் காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும், சாமான்களைப் பற்றி உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. குவைத்தில் ஒரு கேம்பில் ஸ்டோர் ரூமுக்கு அடர்நிறப் பத்ரா போட்டிருந்தோம். உள்கூரை கிடையாது. மணல் புயலில் தூசி நுழையாமல் இருக்கச் சுற்றிலும் ஃபோம் அடித்திருந்தோம். ஃபோம் என்பது டப்பாவிலிருந்து நுரையாக வந்து கல்லாக இறுகும் சாமான். ஒரு நாள் பிளம்பர் ஒருவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே போய்ப் படுத்திருக்கிறான். அது தெரியாமல் யாரோ வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். மாலையில் திறந்தோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. டாக்டர் வெயில் என்று ஒரே வார்த்தை எழுதினார். நஜிமுதீன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவன் தட்டினானா, கத்தினானா என்று யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல ஃபோம்.

பத்ரா அடிக்க ஷகீல் என்று ஒரு கெட்டிக்காரனைப் பிடித்தேன். நிறம் நானே பார்த்து எடுத்தேன், சாக்லேட். வெள்ளை எடுத்தால் அழுக்குத் தெரியும் என்று கடைக்காரனிடம் சொன்னேன். காற்று தூக்கிவிடாமல் இருக்க அடிக்கு ஒரு போல்ட், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர். பாலைவனத்தில் எப்படிச் செய்வோமோ அப்படி. பிறகு அந்த இடைவெளி முழுக்க ஃபோம். காற்றுக்கு ஜாலி, அதாவது கம்பிவலை, எங்கே என்று ஷகீல் தலையைச் சொறிந்தான்.

"சாச்சா, ஜாலி வைக்கலியா? ஹவா கிதர் ஸே ஆயேகா?"

"தூசி எது வழியா வருமோ அது வழியாத்தான் ஹவாவும் வரும். ரெண்டும் வேண்டாம்."

"உள்ள தெர்மாகோல்?"

"எலி கடிக்கும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான். நல்ல வேலைக்காரன். ஒரு பத்ராவில்கூடச் சொட்டை விழவில்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை வேலை முடிந்தது. சந்தே வந்து அண்ணாந்து பார்த்தது. முப்பிடாதியம்மாள் மாவுக்கையோடு வந்து நின்றாள். "ஆத்தாடி, தம்பிக்கு மாளிகைல்லா கட்டிட்டிய! எங்க வீட்டு மனுசரும் இருக்காரே, டயரா அடுக்கி வச்சு வீட்ட பஸ் டிப்போவாக்கி வச்சிருக்காரு. அண்ணன்னா இப்படி இருக்கணும்." அந்த மாவுக்கையால் என் முழங்கையைத் தொட்டாள். உள்ளே போய்க் கழுவினேன்.

எந்த வேலையையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, குவைத்திலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரோடு மேலே போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் ஒரு கதவு திறந்திருந்தது. அப்படியும் நாற்பத்தாறு காட்டியது. இசக்கிப்பாண்டி என்னையே பார்த்தான். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் புகையிலை இல்லை.

"வேகுதுண்ணே."

"புதுக் கூரை அப்படித்தாம்ல. பழகிரும்."

"வேகுது."

தண்ணீர் கொடுத்தேன். வலது கையால் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். பாதி கழுத்தில் வழிந்தது. அதையும் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். கீழே வந்தால் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, வழக்கம்போல.

புதன்கிழமை ஃபோனில் எச்சரிக்கை வந்தது, நாளை மாலை பலத்த காற்று, தூசிப் புயல் என்று. எனக்குப் பழைய சிநேகிதன் ஊரிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. எதுவானாலும் வியாழக்கிழமைதான் என்று நான் ஏற்கனவே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் இனாயத்துல்லாவின் பெல்ட் பட்டறை. மேலப்பாளையத்துக்காரர், தங்கமான மனுஷர். வாரம் ஆறு நாளும் அவருடைய பஞ்சிங் மெஷின் சந்து முழுவதையும் குலுக்கும். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. வெள்ளிக்கிழமை எங்கள் சந்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குச் சோறு ஊட்டினேன். புயல் வருகிறது என்று சன்னலைச் சாத்தி, கொண்டிக்குக் கம்பி முறுக்கினேன். டேபிள் ஃபேன் றெக்கையில் கரி மாதிரி பிசுக்கு ஏறிக் கிடந்தது. கழுவலாம் என்று கீழே எடுத்துவந்தேன். குடிக்க இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். பலகைக் கதவை மூடினேன். தூசி ஏறாமல் இருக்கத் தாழ்ப்பாளும் போட்டேன். ஒவ்வொன்றும் நியாயமான காரியம். இதில் எதையாவது ஒன்றை மட்டும் எடுத்து, இது ஏன் செய்தாய் என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

ஃபேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுங்காவுக்குப் போனேன். வேட்டி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அப்படியே ஒரு காபி. எதிரே உட்கார்ந்திருந்தவர் டபராவில் ஊற்றி ஆற்றும்போது ஒரு சொட்டு மேசையில் தெறித்தது. பழுப்பு. நான் எழுந்து வேறு மேசைக்குப் போய் இன்னொரு காபி சொன்னேன். எதற்கும் அவசரமில்லை. மெஷின் சத்தம் மாட்டுங்கா வரைக்கும் கேட்காது.

திரும்பி வரும்போது நாலரை. வானம் பீங்கான் கோப்பையில் மஞ்சள் கரைத்த மாதிரி ஆகியிருந்தது. அப்புறம் அடித்தது பாருங்கள் ஒரு காற்று! குவைத்திலேயே அப்படி ஒன்று பார்த்ததில்லை. பார்த்திருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். மண், பிளாஸ்டிக், ஓலை, யாருடைய பாவாடையோ எல்லாம் மேலே போயிற்று. சந்தில் நாலு வீட்டுக் கூரை பறந்தது. ஒன்று சயானில் இறங்கியது. இன்னொன்று தாதரில் ஃபாஸ்ட் லோக்கல் பிடித்துக் கல்யாணுக்குப் போய்விட்டதாகப் பேச்சு. முப்பிடாதியம்மாள் வீட்டு டயர்கள் சந்துக்குள் உருண்டு ஓடின, பின்னாலேயே அவள் புருஷனும். ஆள்கள் இடுக்குகளில் ஒண்டிக்கொண்டு என் கூரையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. ஒரு போல்ட்கூட முனகவில்லை. எனக்கு மார்பு விம்மியது. அதை மறைக்க மாட்டேன்.

காற்று அடங்கி, கை காலெல்லாம் கழுவிக்கொண்டு, ஐந்தரைக்கு மேலே ஏறினேன். பலகைக் கதவைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. ஒரு பொட்டுத் தூசி கிடையாது. படுக்கை காய்ந்திருந்தது. பனியன் காய்ந்திருந்தது. பெயிண்ட் டப்பாவில் இருந்ததுகூடக் காய்ந்து வெடித்திருந்தது. இசக்கிப்பாண்டியின் தாடையில் ஈரம் இல்லை. அந்த அறையில் முதல் தடவையாக நான் மூச்சைப் பிடிக்காமல் நின்றேன்.

டாக்டர் வந்தார். ஏற்கனவே வாதம், அதோடு இந்த வெயில் என்றார். சந்தில் ஒப்பாரி. "கூரை போட்டுக் குடுத்தாரே மவராசன், இருந்து அனுபவிக்கக் குடுத்து வைக்கலியே" என்று முப்பிடாதியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாரீஸ்வரி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் இறங்கியது. அசையாமல் நின்றேன். அதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

அவள் மேலே போய் அவனுடைய துணிமணிகளைக் கட்டி எடுத்துவந்தாள். தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவந்தாள்.

மறுநாள் வெள்ளி. தகனம் முடிந்து வந்து படுத்தேன். சொட்டு இல்லை. இருக்காதே. அதற்கடுத்த நாள், சனிக்கிழமை, டைல்ஸைத் துடைத்து, நாலு மாதத்துக்குப் பிறகு வெள்ளி அல்லாத ஒரு நாளில் குடையில்லாமல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதினோரு மணி இருக்கும்.

தயிரில் விழுந்தது. பழுப்பு.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று விழுந்தது. பக்கத்து மாடியில் மெஷின் டங் டங் என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் முதல் தடவையாக விரலால் தொட்டு முகர்ந்தேன். புகையிலை வாடை இல்லை. புளித்த வாடை, ஸ்பிரிட் கலந்தது. தோலுக்கு ஏற்றும் சாயம்.

இனாயத்துல்லா லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பெல்ட்டுக்குச் சாயம் போட்டுவிட்டுக் கழுவுகிற தண்ணீர் ஒரு பைப்பில் எங்கள் பொதுச் சுவரை ஒட்டிப் போகிறது. அதில் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் மாடிப் பலகைக்கு அடியில் கசிந்து, ஆங்கிள் இரும்பு வழியாக நாலடி ஓடிவந்து, என் தட்டுக்கு நேராக இறங்கியிருக்கிறது. ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் ஒன்று.

"என்ன அண்ணாச்சி, எத்தன நாளா இப்படி? ஒரு வார்த்த சொல்லப்படாதா? அஞ்சு நிமிச வேலைல்லா!"

அவர் அஞ்சு நிமிடம் என்றார். நாலு நிமிடத்தில் அடைத்துவிட்டார். அடைத்துவிட்டு என் தரையையும் துடைத்துக் கொடுத்தார், நான் வேண்டாம் என்று சொல்லியும்.

என்ன நினைத்தாய் என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். நாலு மாதம் நான் பட்ட அருவருப்பு இருக்கிறதே, அது அத்தனையும் வீணாகிவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவும் வெறும் பெல்ட் சாயத்துக்கா பட்டேன்? கொஞ்ச நேரம் கழித்து இசக்கிப்பாண்டி கையை ஆட்டியது ஞாபகம் வந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்தேன்.

அதோடு முடிந்திருக்கும். இந்த ஏப்ரலில் மாரீஸ்வரி ஃபோன் செய்தாள். குவாட்டர்ஸ் கிடைக்கவில்லையாம், அம்பர்நாத்தில் இருக்கும் பழைய வீட்டுக்கே கூரை போட வேண்டுமாம். "புயல்ல உங்க கூரை மட்டுந்தான பெரியப்பா நின்னுச்சு. எங்களுக்கும் போட்டுக் குடுங்க." போனேன். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, முத்துமாரி. நல்ல சுத்தமான குழந்தை, மூக்கே ஒழுகாது. அது படுக்கிற வீடு. வெள்ளைப் பத்ரா எடுத்தேன். அடியில் வெள்ளிக் காகிதம், அதற்கடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு உள்கூரை. இரண்டு பக்கமும் ஜாலி. உச்சியில் காற்றுக்குச் சுற்றுகிற உருண்டை ஒன்று. என் வாழ்நாளில் போட்ட கூரைகளிலேயே அதுதான் ராஜா. ஊட்டியிலிருந்து ஆள் வந்து கம்பளி கேட்பான்.

முடிந்த அன்று மதியம் இரண்டு மணிக்கு மாரீஸ்வரி வெறுந்தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தாள். "குளுகுளுன்னு இருக்கு பெரியப்பா." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாக விளக்கினேன். வெள்ளை ஏன், காகிதம் ஏன், ஜாலி ஏன், ஒரு சாண் காற்று ஏன். நஜிமுதீன் சொன்ன தோசைக்கல் கதையையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனதில் அவள் எழுந்து உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை.

"இதெல்லாம் உங்களுக்குக் குவைத்துலயே தெரியுமா?"

"பின்ன? இருபத்தாறு வருசம்லா."

"அப்பாவுக்கு ஏன் இப்படிப் போடல?"

குழந்தை பத்ராத் துண்டு ஒன்றை வைத்துத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அதை வாங்கி ஓரமாக வைத்தேன், கை கிழிந்துவிடும் என்று.

"அங்கன தூசிம்மா."

"இங்கன தூசி இல்லையா?"

நான் அந்தத் துண்டை இன்னும் ஓரமாகத் தள்ளினேன். அவள் என்னைப் பார்த்தபடியே கேட்டாள், "அன்னைக்கு அந்தப் பாட்டில நான்தான் எடுத்துட்டு வந்தேன். ரெண்டு லிட்டர். மூடிகூடத் தொறக்கல பெரியப்பா. அப்பாக்கு தாகமே எடுக்கலியா?"

"எடுக்கல போல."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்குக் காபி தரவில்லை. வாசல்வரை வந்தாள், நான் கேட்டைத் தாண்டும்வரை நின்றாள். நேற்று அவள் புருஷன் பேச்சிராஜா ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், வீட்டில் இருங்கள், கூட ஆள் வரும் என்றான். மாமா என்று கூப்பிடவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். வருகிறவர்கள் தாறுமாறாக எதையாவது கேட்டு எழுதிக்கொண்டு போவதைவிட, வேலை தெரிந்தவன் முறையாகச் சொல்வது நல்லது.

தண்ணீர் வைத்தேன் என்று சொன்னேன், அது பொய் இல்லை. இடது பக்கம் வைத்தேன். கட்டிலுக்குக் கீழே, தரையில், செத்த கை தொங்குகிற பக்கம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான் வைத்தேன். மூடியையும் நன்றாகவே திருகியிருந்தேன். சிந்தினால் ஈரமாகும் அல்லவா.

அவ்வளவுதான் நான் செய்தது. மற்றபடி அந்தக் கூரையைப் பற்றி ஒருவர் ஒரு குறை சொல்லிவிட முடியாது. போன மழை முழுக்க அடித்தும் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நீங்களே வந்து பாருங்கள், ஏணி அங்கேதான் இருக்கிறது. மதியத்தில் மட்டும் ஏற வேண்டாம். வேகும்.